உள்தள்ளிய வரிகள்

அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தப்பட்ட தகவற் களஞ்சியமே தரவுத்தளம் எனப்படுவது. அதனை வினவுவதற்கென ஒரு மொழி உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாட்டைத் தழுவி, அந்நிறுவனத்தினரான டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் வெளிப்படுத்திய மொழியே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகின்றது.

இம்மொழியில் ஒரு வினவலை ஒரே வரியில் எழுதினும், பத்து வரிகளிற் பிரித்தெழுதினும் கணினிக்கு ஒன்றே. வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடமாகிய உள்தள்ளல் மனிதக் கண்ணுக்கே உரியது. செய்யுளைச் சீர் பிரித்தெழுதுவது போன்றது அது. படிப்போர்க்கு உதவுமேயன்றிப் பாட்டின் பொருளை மாற்றாது.

இவ்வுதவியை எழுதுகருவியே தானாகச் செய்யுமாறு அமைத்துள்ளனர். முந்திய வரி தொடங்கிய இடத்திலேயே புதிய வரியும் தொடங்கும். தொல்லையும் இங்கேதான் பிறக்கின்றது. ஏற்கெனவே உள்தள்ளிய பகுதியைக் கொணர்ந்து ஒட்டும்போது, சில கருவிகள் அதன்மேலும் வெற்றிடம் சேர்க்கும். வரிகள் படிக்கட்டுப்போல வலப்புறம் இறங்கிச் செல்லும். டாப் விசையால் இட்ட இடைவெளி ஒரு திரையில் 4 எழுத்தகலமும் வேறொன்றில் 8 எழுத்தகலமும் பெறும்.

இவை கண்ணுக்கு மட்டுமே இடர். மேற்கோட்குறிகளுக்குள் நிற்கும் வெற்றிடமோ தரவின் ஒரு பகுதி. பல வரிகளில் நீளும் முகவரியொன்றின் நடுவே கருவி வெற்றிடம் புகுத்தின், அது பதிவேட்டிலும் புகுந்துவிடும்.

இதனினும் பெரிய ஆபத்து, உள்தள்ளலை நம்பி ஏமாறுவது. மூடப்பட்ட கணக்கு அல்லது நிலுவையற்ற கணக்கு, மேலும் 2010க்கு முற்பட்டது என்றொரு நிபந்தனையைக் கொள்வோம். முதலிரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தின், ஆண்டெல்லை இரண்டுக்கும் பொது என்றே படிப்போர் கொள்வர். கணினியோ ‘அல்லது’ என்பதற்கு முன்னர் ‘மேலும்’ என்பதையே பிணைக்கும். ஆதலால் ஆண்டெல்லை நிலுவையற்ற கணக்குக்கு மட்டுமே பொருந்தும். அது நீக்கற் கட்டளையாயின், நேற்று மூடப்பட்ட கணக்கும் அழிந்துபோம்.

2014ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் வெளிப்பட்ட பிழையும் இத்தகையதே. வேறொரு மொழியில் எழுதப்பட்ட அதில், தவறுதலாக இருமுறை வந்த ஒரு வரி, உள்தள்ளி நின்றமையால் நிபந்தனைக்கு உட்பட்டதுபோலத் தோன்றியது. உண்மையில் அது எப்போதும் இயங்கி, பாதுகாப்புச் சோதனையொன்றைத் தாண்டிச் செல்ல வைத்தது.

ஆகவே, வினவல் எழுதுவோர் நிபந்தனைகளை அடைப்புக்குறிகளாற் பிணைத்தல் வேண்டும். ஒட்டும்போது தானியங்கும் உள்தள்ளலை நிறுத்திவைத்தல் நன்று. எதனையும் நீக்குமுன், அதே நிபந்தனையைக்கொண்டு எவ்வெப் பதிவுகள் அகப்படுகின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.