388-க்கு எதிராக ஒன்று



பட்டமளிப்பு மேடையில் வெற்றியாளர்களின் கதையைச் சொல்வது மரபு. நான் சொல்லப்போவது, தன் பதவியைத் தானே இரண்டு முறை பணயம் வைத்து இழந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கதை. ஜெனட் ரேங்கின், மொன்டானா மாநிலத்துக்காரர். 1916இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். அப்போது அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு முழு வாக்குரிமையே கிடையாது.

1917 ஏப்ரல் 2இல் பதவியேற்றார். நான்கே நாளில் ஜெர்மனி மீதான போர்த் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 373, எதிர்ப்பு 50. எதிர்த்த ஐம்பதில் அவர் ஒருவர். மற்ற 49 ஆண்களை விட்டுவிட்டு, அவர் அழுதார் என்று பத்திரிகைகள் எழுதின. வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவர்களே அவரைக் கடிந்துகொண்டார்கள். அதே ஆண்டு பியூட் நகரச் செம்புச் சுரங்க விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொழிலாளர் பக்கம் நின்ற ரேங்கின், மாநிலத்தையே ஆட்டிவைத்த அனகோண்டா சுரங்க நிறுவனத்தின் பகையையும் தேடிக்கொண்டார். 1918 செனட் தேர்தலில் தோற்றார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அறுபது வயதில், போருக்கு வாக்களிக்க மாட்டேன் என்று சொல்லியே மீண்டும் வென்றார். 1941 டிசம்பர் 7இல் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. மறுநாள் ஜப்பான் மீதான போர்த் தீர்மானம் 388-க்கு ஒன்று என்று நிறைவேறியது. அந்த ஒன்று ரேங்கின். வாக்கை மாற்றிக்கொள்ளும்படி சக உறுப்பினர்கள் கெஞ்சினர். பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல். கூட்டத்துக்குத் தப்பித் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றவரைக் காவலர்கள்தான் அலுவலக அறைக்கு அழைத்துச் சென்றார்கள். மொன்டானா முழுக்க உனக்கு எதிராக இருக்கிறது என்று கூடப் பிறந்த சகோதரரே சொன்னார். 

என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது வாக்கு தவறு. தாக்கப்பட்ட நாடு கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. தனியாக நிற்பதாலேயே ஒருவர் நியாயவான் ஆகிவிடுவதில்லை. ஆனால் ‘நிலைமை மாறிவிட்டது’ என்று சொல்லி அவர் கை தூக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வாக்களித்தவர்களிடம் சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. கன்சாஸ் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் வைட், அவர் நிலைப்பாட்டை மறுத்துக்கொண்டே துணிவைப் பாராட்டி எழுதினார். நானும் அந்தக் கட்சிதான். மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான தீர்மானங்களில் ரேங்கின் ஆதரவும் சொல்லவில்லை, எதிர்ப்பும் சொல்லவில்லை; ‘அவையில் இருக்கிறேன்’ என்று மட்டும் பதிந்தார். துணிந்தவர்களும் களைத்துப்போவார்கள், அதையும் மறைக்க வேண்டாம்.

1942இல் அவர் போட்டியிடவே இல்லை. பின்னர் காந்தியின் வழியை அறிய இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். 1968இல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களின் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார்.

பட்டம் பெறும் மாணவர்களே, நீங்கள் வேலைக்குப் போகும் இடங்களில் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்ற வரி அடிக்கடி எழுதப்படும். அதன்கீழ் கையெழுத்திடுமுன் தீர்மானத்தை முழுதாகப் படியுங்கள். மறுப்பு இருந்தால், கூட எத்தனை பேர் என்று எண்ணாமல், உங்கள் பெயரோடு குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.