காலைக் கொஞ்சம் கவனியுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, “மாணவர்களுக்கும் நமக்கும் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா” என்றார். “கால் வலியைப் பத்திப் பேசட்டுமாண்ணே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நீ மெக்கானிக்கல்தானே படிச்சே?” என்றார்.

ஆமாம், நான் மெக்கானிக்கல்தான். டாக்டர் இல்லை. ஆனால் பாதம் என்பதே ஓர் அருமையான இயந்திரம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு நடந்து வரும் ஒருவர், அடிக்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் அடி எடுத்து வைக்கிறார். அதாவது ஒவ்வொரு பாதமும் அவருடைய முழு எடையை 50,000 தடவை தாங்குகிறது. எந்த மெஷினாக இருந்தாலும் இதற்குப் பிறகு மெயின்டனன்ஸ் பார்ப்போம். காலுக்கு மட்டும் பார்ப்பதில்லை. இந்த அலட்சியத்துக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் விலை கொடுத்தோம். ஒருவன் நான். இன்னொருவர் என் அப்பா.

முதலில் என் கதை. படிப்பு முடிந்து கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிமெண்டுத் தரையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். 31 வயதில் குதிகால் வலி ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் குறைந்துவிடும். சாயங்காலம் மறுபடியும் வந்துவிடும். எக்ஸ்ரே எடுத்தேன். குதிகால் எலும்பில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பயந்துபோய் டாக்டரிடம் போனேன். அவர் சிரித்தார். “இந்த முள் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்குது தம்பி. உங்க வலி முள்ளாலே இல்லே, நாராலே” என்றார்.

அந்த நார் எது என்று பழனிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். நம் மலைக்கோயிலுக்கு விஞ்ச்சில் போயிருக்கிறோம். கம்பிவடம் ஒரு உருளையில் சுற்றிக்கொள்ள, பெட்டி மேலே வருகிறது. நம் பாதத்திலும் ஒரு விஞ்ச் இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரைக்கும் உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பிளான்டார் ஃபேஷியா என்பார்கள். நடக்கும்போது குதிகாலைத் தூக்கி விரல்கள் மேல்நோக்கி மடங்கினால், இந்த நார் விரல் மூட்டைச் சுற்றி இழுபடும். உள்ளங்கால் வளைவு உயர்ந்து பாதம் விறைப்பாகும். அப்போதுதான் நம்மால் உந்தி நடக்க முடிகிறது. இதை 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விஞ்ச் போன்ற ஒரு பொறிக்கே ஒப்பிட்டு விளக்கினார்.

வடம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுபட்டால் என்ன ஆகும்? இழை நைந்துபோகும். குதிகாலில் நார் ஒட்டியிருக்கும் இடத்தில் நடப்பதும் அதுதான். இரவில் பாதம் தளர்ந்து கிடக்கும்; நாரும் சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் அது சட்டென்று இழுபடுகிறது. அதுதான் அந்த ஆணி வலி.

இதற்கு நான் செய்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். காலையில் தரையில் கால் வைக்கும் முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடி வலிக்கிற காலை இன்னொரு முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் முன்காலை நோக்கி மடக்கி இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுத்தது கெண்டைக்கால் பயிற்சி. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், அரை நிமிடம் சாய்ந்து நிற்க வேண்டும். சாயங்காலம் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளங்காலுக்குக் கீழே உருட்டலாம்.

வீட்டுக்குள் டைல்ஸ் தரையிலும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். குதிகால் தேய்ந்துபோன ரப்பர் செருப்பைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். உடல் எடை கூடியிருந்தால் குறையுங்கள். பெரும்பாலோருக்கு இவற்றாலேயே சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஊசி போட்டால் உடனே போகும் என்பார்கள். ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச காலத்துக்கு வலியைக் குறைக்கும்; ஆனால் நார் அறுந்துபோகும் அபாயமும் உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், படுத்திருக்கும்போதும் வலி, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது நகம். கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் குத்தி வளர்வது. நம் ஊரில் இதையும் நகச்சுற்று என்றே சொல்லிவிடுவார்கள். இதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு: நகத்தை ஓரம் வளைத்து ஒட்ட வெட்டுவது, இறுக்கமான ஷூ போடுவது. நான் இரண்டையும் செய்தவன். வேலையில் சேர்ந்த புதிதில் சேஃப்டி ஷூ எட்டாம் நம்பர்தான் இருந்தது. என் கால் ஒன்பது. ‘போடப் போட லூஸ் ஆயிரும்’ என்று வாங்கிக்கொண்டேன். முன்னால் இரும்புத் தொப்பி வைத்த ஷூ எப்படி லூஸ் ஆகும்? மெக்கானிக்கல் படித்தவன் புத்தி அவ்வளவுதான்!

கொடைக்கானல் மலையில் இறங்கியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கடைசி வருடத்தில் நாங்கள் பத்துப் பேர் கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்து இறங்கினோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் விரல் வாங்கும். ஒவ்வொரு அடிக்கும் கால் ஷூவுக்குள் முன்னால் வழுக்கிப் போய் நகம் முட்டும். கீழே வந்து பார்த்தால் நான்கு பேருக்குப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை, தெய்வங்கள் இருக்கும் இடம் என்ற மரியாதை. நாங்களும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். அந்தக் கொஞ்ச தூரம்தான் விரல்களுக்கு நிம்மதியாக இருந்தது என்று இப்போதும் சொல்லிச் சிரிப்போம்.

மலையேறப் போகும் தம்பி தங்கைகளே, இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டிக்கொள்ளுங்கள். ஷூவின் முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறங்கும்போது கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள், பாதம் முன்னால் வழுக்காது. ஷூவைச் சாயங்காலத்தில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு அப்போதுதான் தெரியும்.

நகம் குத்த ஆரம்பித்துவிட்டதா? வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் பாதத்தை வையுங்கள். நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். விரல் மூடாத செருப்பு போடுங்கள். நேராக வெட்டுங்கள், மூலையை நோண்டாதீர்கள். மூலையை வெட்டினால் அன்றைக்குச் சுகமாக இருக்கும். மிச்சமிருக்கும் சில்லு ஈட்டி மாதிரி வளர்ந்து மறுபடியும் குத்தும். சீழ், சிவப்பு, வீக்கம் என்றால் டாக்டரிடம் போங்கள். விரலை மரத்துப்போகச் செய்து, குத்துகிற ஓரத்தை மட்டும் எடுத்து, அந்த ஓரம் திரும்ப வளராதபடி மருந்து வைத்துவிடுவார்கள். சின்ன வேலை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் வலிக்கிற காலைப் பற்றி. இனிமேல் சொல்லப்போவது வலிக்காத காலைப் பற்றி.

என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. வருடம் தவறாமல் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை வருவார். அந்த வருடம் மாலை போடும் முன் பெருவிரலில் குத்திக்கொண்டிருந்த நகத்தைப் பிளேடால் தானே நோண்டி எடுத்தார். அப்புறம் வெறுங்காலோடு நடந்தார். வழியில் கால் பிடித்துவிடும் தொண்டர்கள், “கால் வலிக்குதா ஐயா?” என்று கேட்டிருக்கிறார்கள். “வலியா? எனக்கா? முருகன் இருக்கையிலே எனக்கு என்ன வலி” என்றாராம். கூட வந்த சின்னப் பையன்கள் எல்லாம் கொப்புளத்தோடு நொண்டினார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து நடந்து வந்து, அறுநூற்றுச் சொச்சம் படியும் ஏறிக் கும்பிட்டார்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள், அம்மா படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்தார்கள். “என்னங்க இது, காலைக் காட்டுங்க” என்று தூக்கிப் பார்த்தால் பெருவிரல் கறுத்திருந்தது. அப்போதும் அப்பா சொன்னார், “வலிக்கலியே!” விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். நான் வாரம் தவறாமல் போன் செய்தவன்தான். “சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா” என்று கேட்டவன், “காலைப் பாத்தீங்களாப்பா” என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டர் பால் பிராண்ட் பற்றிப் படித்தேன். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகித் தானாக விழும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அப்படி இல்லை என்று அவர் காட்டினார். நரம்பு மரத்துப்போகிறது, வலி தெரியவில்லை, காயம் பட்ட இடத்திலேயே மனிதன் மறுபடி மறுபடி மிதிக்கிறான், அதனால்தான் விரல் போகிறது என்றார். அழுத்தத்தைப் பரவச் செய்யும் மெத்தென்ற ரப்பர் செருப்புகள் வேலூரிலும் கரிகிரியிலும் அந்த நோயாளிகளுக்காக உருவாயின. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று நாம் முதல் வருடத்தில் படித்த அதே கணக்கு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தரும் எம்.சி.ஆர். செருப்பும் அந்த வழியில் வந்ததுதான். வலி என்பது ஒரு வரம் என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன செய்தி. நம் பாஷையில் சொன்னால், வலி ஒரு அலாரம். அலாரம் அடித்தால் பழுதைப் பாருங்கள். அலாரமே கெட்டுப்போயிருந்தால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் ஒரு நைலான் இழை வைத்திருக்கிறார்கள். பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் அது வளையும். நாம் படித்த ‘பக்ளிங்’தான். அந்தத் தொடுதல் தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். வருடம் ஒரு தடவையாவது இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலருடைய அப்பா அம்மா அந்தக் கணக்கில் இருப்பார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் முன்னே சொன்ன வைத்தியங்களில் சில ஆகாது. சுடுதண்ணீரில் கால் வைக்கக்கூடாது, வெந்தாலும் தெரியாது. ஐஸும் அப்படித்தான். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் ஒட்டுப் பிளாஸ்திரி வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பிளேடு கூடவே கூடாது. பித்தவெடிப்புக்கு எண்ணெயோ கிரீமோ தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். இடுக்கு எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக்கூடாது. தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். புண், கொப்புளம், நிற மாற்றம் எது தெரிந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாதயாத்திரை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பக்தியில் நடக்கும் காலை நான் தடுக்கவில்லை. சர்க்கரை இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். மெத்தென்ற செருப்போடு நடங்கள். தங்கும் இடங்களில் எல்லாம் டார்ச் அடித்து ஒருவர் காலை ஒருவர் பாருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அப்பா இப்போதும் தைப்பூசத்துக்கு வருகிறார். அடிவாரம் வரை பஸ், அப்புறம் விஞ்ச். எம்.சி.ஆர். செருப்பைக் கடைசி இடம்வரை போட்டுக்கொள்கிறார். நான் ஊருக்குப் போனால் முதல் வேலையாக அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பேன். முதலில் கூச்சப்பட்டு, “விடுடா, பெத்த பிள்ளை காலைத் தொட்டுக்கிட்டு” என்பார். இப்போது அவரே நீட்டிவிடுகிறார்.

நண்பர்களே, இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு நிமிடம் உங்கள் காலைப் பாருங்கள். ஹாஸ்டல் தம்பிகளே, வீட்டுக்குப் போன் செய்யும்போது, சாப்பாடு விசாரித்த பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: “காலைப் பாத்தீங்களாப்பா? பாத்தீங்களாம்மா?”