சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி: ஆசனமும் அதிகாரமும்

(நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வேலணை மண்ணுக்குரிய சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்களின் அரசியல் வாழ்வைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். 1874இல் பிறந்தார், கல்கத்தாவில் உயர்கல்வி கற்றார், அப்புக்காத்தாகப் புகழ்பெற்றார். இவை யாவரும் அறிந்தவை.

1921இல் வடமாகாணத்திலிருந்து அவர் சட்ட நிரூபண சபைக்குச் சென்றபோது அவரைத் தெரிவு செய்தவர் யார்? சொத்தும் படிப்பும் படைத்த ஆடவர் சிலரே. தோட்டத்தில் துலா மிதித்தவனுக்கும் வயலில் ஏர் பிடித்தவனுக்கும் அன்று வாக்கில்லை, பெண்களுக்கும் இல்லை. 1931இல் டொனமூர்த் திட்டம் 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. ஆனால், அத்திட்டம் சுயராச்சியத்தைத் தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்காரம் கோரிற்று. துரைசுவாமி அவர்களும் அதன் பக்கம் நின்றார். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை.

அவ்விளைஞரின் இலட்சியத்தை நான் இகழேன். தெற்கிலிருந்து பாராட்டு வந்தது, பகிஷ்காரம் வரவில்லை. விளைவு யாது? முதன்முதலாக வாக்குப் பெற்ற நம் கமக்காரன், 1934இல் இடைத்தேர்தல் நிகழும்வரை அதனைப் பயன்படுத்த வழியின்றி இருந்தான். மூன்றாண்டுகள் அரசாங்க சபையில் நமது இடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. நட்டக் கணக்கை எழுதும்போது இதனையும் எழுதவேண்டும்.

1936இல் ஊர்காவற்றுறைப் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்த துரைசுவாமி அவர்கள் சபாநாயகராகத் தெரிவு செய்யப்பட்டார். நமக்கெல்லாம் பெருமைதான்! ஆயின் அதே ஆண்டில், அதே சபையில் என்ன நடந்தது? ஏழு நிர்வாகக் குழுக்களிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாகுமாறு கணக்கிட்டு இடம் வகுத்தனர். ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரியாவார் என்பதே விதி. எனவே ஏழு மந்திரிகளும் சிங்களவராயினர். தமிழருக்குக் கிடைத்தது உயர்ந்த ஆசனம். அதில் அமர்ந்தவர் விவாதத்தில் வாய் திறக்கலாகாது. பதினைந்து ஆண்டு அனுபவம் வாய்ந்த நாவொன்றுக்கு மரியாதையாகப் பூட்டுப் போட்டனர் என்று நான் சொன்னால், அது மிகையென்று அன்பர்கள் சிலர் கருதக்கூடும். சபாநாயகர் நடுநிலை பிறழாதவரென்று பெயரெடுத்தாரே என்பர். உண்மை, அவரிடத்தில் குறையில்லை. குறை, அந்த ஆசனத்தைப் பங்கென்று எண்ணி நாம் ஆறியிருந்ததில்தான். 1942இல் அருணாசலம் மகாதேவா மந்திரியாகும்வரை அந்நிலை நீடித்தது.

1944 மே மாதத்தில், சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கோரிய ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பிரேரணை வந்தது. வி. நல்லையா அவர்களின் திருத்தத்தால் தமிழும் சேர்க்கப்பட்டது. திருத்திய பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேறிற்று. அச்சபைக்குத் தலைமை வகித்தவர் துரைசுவாமி அவர்கள். 1947இல் சபாநாயகர் பதவி முடிவுற்றது. ஊர்காவற்றுறைத் தொகுதி அல்பிரட் தம்பிஐயாவிடம் சென்றது. 1966 வரை அவர் உயிர்வாழ்ந்தார். 27 பேர் கைதூக்கி ஏற்ற அந்தத் தீர்மானத்துக்கு 1956 ஜூனில் நேர்ந்த கதியை, அவர் தம் கண்ணாலேயே கண்டார்.