முதல் நிலவறைக்கு எந்த அரக்கர்?

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது, ஒரு மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் தம்மை ஒரு போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ கருதிக்கொண்டு, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டாகும். டஞ்சன் மாஸ்டர் எனப்படும் ஒருவர் மட்டும் எந்த வீரனுக்கும் உரியவராக இல்லாமல், கதை நிகழும் உலகையும் அதில் எதிர்ப்படும் பகைவரையும் தம் பொறுப்பில் வைத்திருப்பார். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974இல் மூன்று சிறு கையேடுகளாக வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. அந்த ஆட்டத்தில் புதிதாக டஞ்சன் மாஸ்டர் பொறுப்பை ஏற்பவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, அனுபவமில்லாத முதல் நிலைப் பாத்திரங்கள் இறங்கப்போகும் நிலவறையில் எந்த அரக்கர்களை வைப்பது என்பதாகும். அரக்கர் என்னும் சொல் இங்கே பெருச்சாளி முதல் பேய் வரை பகையாக எதிர்ப்படும் எல்லா உயிர்களையும் குறிக்கிறது.

முதல் நிலைப் பாத்திரம் எவ்வளவு மெலிந்தது என்பதை உணராதவர் இக்கேள்விக்குச் சரியான விடை காண முடியாது. ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு உயிர்ப்புள்ளி என்று பெயர். 1981இல் வந்த தொடக்கநிலைத் தொகுப்பில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி நான்முகப் பகடையை ஒருமுறை உருட்டி முடிவு செய்யப்பட்டது. பகடையில் 1 விழுந்தால், பெருச்சாளியின் ஒரு கடியிலேயே அவன் கதை முடிந்துவிடும். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இதைத் தளர்த்தி அவனுக்கு ஏழெட்டுப் புள்ளிகள் தந்தது. என்றாலும் ஓகர் எனப்படும் மலைபோன்ற முரட்டு அரக்கன் தன் தடியால் ஒருமுறை ஓங்கி அடித்தால் சராசரியாக 13 புள்ளிகள் போய்விடும் என்பதால், அந்த ஓர் அடியே அவனைத் தரையில் சாய்க்கப் போதுமானது.

ஆகவேதான் நூல்கள் எண்களால் வழிகாட்டுகின்றன. ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு அரக்கருக்கும் சவால் எண் என்ற ஒன்று தரப்பட்டு, அதை வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளும் குறிக்கப்பட்டுள்ளன. காப்ளின் எனப்படும் குள்ளமான, தந்திரமான சிற்றரக்கனின் சவால் எண் கால். அதன் மதிப்பு 50 புள்ளிகள். நான்கு காப்ளின்கள் சேர்ந்தால் 200 புள்ளிகள். கூட்டமாக வருவோர் தனித்து வருவோரைவிட ஆபத்தானவர் என்பதால் 2014இன் விதி அதை இரட்டித்து 400 ஆக்கியது. முதல் நிலைப் பாத்திரங்கள் நால்வர் கொண்ட குழுவுக்கு உயிராபத்தான மோதல் அவ்விதிப்படி எந்த அளவில் தொடங்கியது என்று பார்த்தால் அதுவும் சரியாக 400 தான். இதில் வியப்பு என்னவென்றால், அதே 2014இல் புதியவர்களுக்கென்றே வெளியிடப்பட்ட ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’ என்னும் சாகசக் கதை, வழியில் பதுங்கியிருக்கும் இதே நான்கு காப்ளின்களுடனேயே தொடங்குகிறது. அதை எழுதியோர் கணக்கு அறியாதவர்கள் அல்லர். மூன்று காப்ளின்கள் வீழ்ந்ததும் நான்காவது தப்பி ஓட முயலும் என்றும், பாத்திரங்களே தோற்றுவிட்டால் காப்ளின்கள் அவர்களைக் கொல்லாமல் மயங்கிய நிலையில் விட்டுவிட்டுப் பொருள்களைக் கொள்ளையடித்துச் செல்லும் என்றும் அவர்கள் எழுதி வைத்தார்கள். எண்ணில் இருந்த கொடுமையை நடத்தை தணித்துவிடுகிறது.

நிலவறைக்கு அரக்கரைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நடத்தையே. சவால் எண் அரை என்று அதே பதிப்பில் குறிக்கப்பட்டுள்ள மூன்று அரக்கர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். முதலாவது ஆர்க், 15 உயிர்ப்புள்ளிகளும் பெருங்கோடரியும் கொண்டு நேராகப் பாய்ந்து வெட்டும் போர்வெறியன். அடுத்தது ரஸ்ட் மான்ஸ்டர், அதாவது இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி. அதற்கு மனித ஊனைவிட உலோகத்தின் மீதே நாட்டம் என்பதால், கவசம் அணிந்த வீரன் நடுங்கிப் பின்வாங்க, நூலாடை உடுத்த மந்திரவாதி துணிந்து முன்னே செல்லும் விந்தையை அது நிகழ்த்துகிறது. ஒரு பிடி இரும்பாணிகளை எறிந்தே அதன் கவனத்தைத் திருப்பிவிடலாம். மூன்றாவது நிழல் எனப்படும் ஆவி. அது உயிர்ப்புள்ளியைக் குறைப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு தீண்டலிலும் பாத்திரத்தின் உடல்வலிமை எண்ணிலிருந்தும் ஒன்று முதல் நான்கு வரை உறிஞ்சுகிறது. வலிமை 8 மட்டுமே உடைய மந்திரவாதி, பகடை எதிராக விழுந்தால், இரண்டே தீண்டலில் இறந்து, சில மணி நேரத்தில் இன்னொரு நிழலாக எழக்கூடும். மூன்றுக்கும் எண் ஒன்றே. ஆர்க்கோடு நடப்பது வெறும் சண்டை, துருப்பிராணி ஆடுவோரைச் சிந்திக்க வைக்கிறது. நிழலோ என்ன நடக்கிறது என்று அவர்கள் அறியும் முன்பே ஒருவரைக் கொண்டுபோகிறது. முதல் நிலவறையில் நிழலை வைப்பது தவறு என்றே சொல்ல வேண்டும். துருப்பிராணியோ தாராளமாக இடம்பெறலாம். (ஹாங்காங்கில் செய்து மலிவாக விற்கப்பட்ட பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்தே கைகாக்ஸ் இப்பிராணியைப் படைத்தார் என்பதும், ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஆவுல்பேர் அதே பொம்மைப் பொதியிலிருந்து வந்தது என்பதும் மகிழ்ச்சி தரும் செய்திகள்.)

கற்றுக்கொடுக்கும் அரக்கர்கள் என்று ஒரு வகையைத் தனியே சொல்லத் தகும். எலும்புக்கூடு அவற்றுள் ஒன்று. தண்டாயுதம் போன்ற மழுங்கிய கருவியால் அடித்தால் அதற்கு இருமடங்கு சேதம் ஏற்படும் என்பதால், வாளை உறையிலிட்டுச் சம்மட்டியை எடுக்கும் அறிவைத் தொடக்க ஆட்டக்காரர் அங்கே பெறுகிறார். நடைப்பிணமாகிய ஸோம்பி இன்னும் நுட்பமானது. அதற்கு 5 புள்ளிகள் எஞ்சியிருக்கும்போது ஒரு வீரன் 7 புள்ளி சேதம் செய்ததாகக் கொண்டால், வேறு எந்த எதிரியும் அங்கே வீழ்ந்திருக்கும். ஸோம்பியோ இருபது முகப் பகடையை உருட்டி, தன் உடலுறுதிக்கான 3ஐக் கூட்டி, 12ஐ எட்டிவிட்டால், 1 புள்ளியோடு மீண்டும் நிமிர்ந்து நிற்கும். பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே அது நடக்கும் என்பதால், பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் அது எழுந்துவிடுகிறது. வெட்டி வீழ்த்தியது மறுபடி அசைவதைக் கேட்டு ஆடுவோர் அடையும் திகிலுக்குப் பெரிய அரக்கன் எதுவும் தேவைப்படுவதில்லை. அதோடு ஸோம்பி மெதுவாகவே நடக்கும். ஓடித் தப்ப நினைப்பவர் ஓடலாம். தப்பிக்க வழியுள்ள அச்சமே கீழ்நிலை ஆட்டத்துக்கு ஏற்ற அச்சமாகும்.

அரக்கர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நன்கு தேர்ந்தாலும், அறைக்கு ஒன்றாக அடைத்து வைத்தால் நிலவறை உயிரற்றுப் போகும். இதற்கு மாற்றாக அமைந்த சிறந்த முன்மாதிரி, கைகாக்ஸ் 1979இல் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்னும் தொடக்கநிலைச் சாகசம். ஒரு பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளிலும் குகைகள். ஒன்றில் கோபோல்டுகள் எனப்படும் மிகச் சிறிய அரக்கர்கள், இரண்டில் வெவ்வேறு ஆர்க் கூட்டங்கள், இன்னொன்றில் காப்ளின்கள், மற்றவற்றில் ஹாப்காப்ளின், பக்பேர், நோல் முதலிய வேறு அரக்கர் இனங்கள். காப்ளினும் ஹாப்காப்ளினும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு ஆர்க்குகளோடு ஓயாமல் மோதுவதாகவும், நோல்கள் சில வேளை ஆர்க்குகளுக்குத் துணை போவதாகவும், கோபோல்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று ஒதுங்கி வாழ்வதாகவும், தனித்து அகப்படுவோரைப் பக்பேர்கள் வேட்டையாடுவதாகவும் நூல் விவரிக்கிறது. காப்ளின் குகையை அடுத்து வாழும் ஓகர் ஒரு கூலிப்படையாளன். காப்ளின் காவலர்கள் ஆபத்தில் சிக்கினால் 250 பொற்காசுகள் கொண்ட பையை அவனிடம் வீசி உதவி கேட்பார்கள்; அவனும் தடியோடு வந்து சேருவான். முன்னரே ஆர்க்குகளிடமும் நோல்களிடமும் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்காகவும் இருந்தவன் அவன்.

ஒரே அடியில் மந்திரவாதியைச் சாய்க்கக்கூடிய ஓகரை முதல் நிலைச் சாகசத்தில் வைத்ததற்கான நியாயம் அந்தக் காசுப்பையில் இருக்கிறது. விலைக்கு வாங்கப்படுபவனை அதிக விலை கொடுத்து எவரும் வாங்கலாம். அவனோடு மோதாமல் பேரம் பேசிக் கடந்துபோகவும், அவனைக் காப்ளின்களுக்கு எதிராகத் திருப்பவும் ஆடுவோருக்கு வழி திறந்திருக்கிறது. வலிமையான அரக்கன் கீழ்நிலை நிலவறையில் இருக்கலாம். வாளைத் தவிர வேறு வழியே அவனிடம் இல்லையென்றால் மட்டுமே அவன் அங்கே பொருந்தாதவன் ஆகிறான்.

1981இன் தொகுப்பு இத்தகைய வழிகளுக்கு விதிகளிலேயே இடம் தந்திருந்தது. முதன்முறை எதிர்ப்படும் அரக்கர் தாக்குவாரா, தயங்குவாரா, நட்புக் காட்டுவாரா என்பதை இரண்டு பகடைகள் முடிவு செய்தன. போர் தொடங்கிய பின் கூட்டத்தில் முதலாவது ஆள் வீழ்ந்ததும், மீண்டும் பாதிப்பேர் வீழ்ந்ததும், மனஉறுதி எண் சோதிக்கப்பட்டது. கோபோல்டுக்கு அது 6, ஆர்க்குக்கு 8. பகடைக் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் அவை புறமுதுகிடும். எலும்புக்கூட்டுக்கு 12 என்பதால் அது ஒருபோதும் ஓடாது. ஐந்தாம் பதிப்பில் இச்சோதனை ஒரு விருப்ப விதியாக மட்டுமே இருக்கிறது. உயிருக்கு அஞ்சாத ஆர்க் எலும்புக்கூட்டிலிருந்து வேறுபடுவதில்லை; ஆகையால் இச்சோதனையைக் கைவிடுவது ஓர் இழப்பே.

இதன் மறுபக்கமும் உண்டு. எண்ணில் மிகச் சிறியது என்பதால் ஓர் அரக்கர் எளியது ஆகிவிடாது. 1987 நவம்பரில் ‘டிராகன்’ இதழின் ஆசிரியவுரையில் ரோஜர் மூர் விவரித்த கோபோல்டுகள், குறுகிய சுரங்கவழிகளையும் தீயையும் தடுப்பரண்களையும் துணைக்கொண்டு, அனுபவம் முதிர்ந்த பாத்திரங்களையே ஓட ஓட விரட்டியவை. அந்த விளையாட்டுலகில் அவை இன்றும் பழமொழிபோல் பேசப்படுகின்றன. ஆகவே கோபோல்டுகளைத் தேரும்போது அவற்றின் இருப்பிடமும் சேர்த்தே தேரப்படுகிறது. அதற்காக எண்ணை முற்றிலும் புறக்கணிக்கவும் முடியாது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் என்பதால் ராட்சசனை முதல் நிலவறையில் வைக்க ஒருவருக்கு ஆசை எழலாம். 1977இன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலிலேயே புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்த ஓவியமாக அவன் இடம்பெற்றுவிட்டான் என்பது உண்மை. ஆயினும் 2014இல் அவன் சவால் எண் 13. அவனுக்கு உரிய காலம் பல நிலைகள் கடந்து வரும்.

‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ நூலின் வரைபடத்தில் ஒரு குகை மட்டும் அறியப்படாத குகை என்று பெயரிடப்பட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லப்படாமலே விடப்பட்டுள்ளது. அதை நிரப்பும் வேலையைக் கைகாக்ஸ் டஞ்சன் மாஸ்டருக்கென்றே ஒதுக்கினார். முதன்முறையாக அந்தப் பொறுப்பை ஏற்போர் அங்கே தொடங்கலாம். ஓர் அரக்கரை எழுதும் முன், அது எதை உண்கிறது, யாருக்கு அஞ்சுகிறது, எதைக் கொடுத்தால் வழிவிடும் என்ற மூன்றையும் எழுதிக்கொண்ட பின்னரே சவால் எண்ணைப் பார்க்க வேண்டும்.