சுண்டைக்காய் கால் பணம்: ஏர்போர்ட் வாசல் கணக்கு

மதுரையிலேர்ந்து சென்னைக்கு ஃப்ளைட் டிக்கெட் எவ்வளவுன்னு யாராவது கேட்டா, ஆப்பைத் திறந்து முதல்ல தெரியிற நம்பரைச் சொல்லிடுவோம். ஆனா வீட்டுப் படியிறங்கினதுலேர்ந்து, சென்னையில ரூமுக்குள்ள பையை இறக்கி வைக்கிற வரைக்கும் போன காசை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. முதல்ல பார்த்த நம்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம பாட்டிங்க சொன்னது ஆன்லைன் புக்கிங்குக்கும் பொருந்துது.

இந்த சுமைகூலியை யார் வாங்குறாங்க? எது சட்டப்படி கட்ட வேண்டியது, எது நம்ம விருப்பம், எது கேட்டா திரும்பக் கிடைக்கும்? இந்த எபிசோட்ல இதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஏர்போர்ட் வாசல். பெருங்குடியில இருக்கிற நம்ம ஏர்போர்ட் மதுரைக்காரங்களுக்கு மட்டும் இல்ல. தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம்னு சுத்துவட்டாரம் முழுக்க இதை நம்பித்தான் இருக்கு. 2012-ல கொழும்புக்கு முதல் வெளிநாட்டு ஃப்ளைட் கிளம்பினதுலேர்ந்து, வளைகுடாவுக்கு வேலைக்குப் போறவங்களும் இந்த வாசல் வழியாப் போறாங்க. பரமக்குடி பக்கத்துலேர்ந்து ஒருத்தர் ரெண்டு வருஷ கான்ட்ராக்டுல துபாய் போறார்னா, அவர் தனியா வர மாட்டார். அம்மா, மனைவி, பிள்ளைங்க, மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன்னு ஒரு வேன் நிறைய வரும். வழியனுப்புறது நம்ம ஊர்ல ஒரு சடங்கு மாதிரி.

அந்த வேன் வர்ற வழியிலேயே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடுது. தூத்துக்குடி ரோட்ல வந்தா எலியார்பத்தி டோல். விருதுநகர், திருமங்கலம் பக்கத்துலேர்ந்து நாலு வழிச் சாலையில வந்தா கப்பலூர் டோல். நகராட்சிக்கு இவ்வளவு பக்கத்துல டோல்கேட் எதுக்குன்னு திருமங்கலம் மக்கள் பல வருஷமா போராடிட்டு இருக்காங்க. ஃபாஸ்டாக் வேலை செய்யலைன்னா அதுக்கும் மேல கூடுதலாக் கட்டணும்.

ஏர்போர்ட் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் அடுத்த மீட்டர். இந்திய விமான நிலைய ஆணையம், அதாவது ஏஏஐ நடத்துற ஏர்போர்ட்டுகள்ல ஆளை இறக்கிவிட வர்ற வண்டிக்குச் சில நிமிஷம் இலவசம். அதைத் தாண்டினா பார்க்கிங் கட்டணம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த நிமிஷம் எங்கேர்ந்து எங்க வரைக்கும்? நீங்க டெர்மினல் முன்னாடி நின்ன நேரம் மட்டும் இல்ல. உள்ளே வர்ற பூத்துல சீட்டு வாங்கின நொடியிலேர்ந்து, வெளியே போற பூத்துல அதைக் காட்டுற நொடி வரைக்கும். முன்னாடி ஒரு வண்டி சில்லறைக்குத் தகராறு பண்ணிட்டு நின்னா, அந்த நேரமும் உங்க கணக்குலதான் ஏறும். வேன்லேர்ந்து எட்டுப் பேர் இறங்கி, பெட்டியை இறக்கி, அம்மா திருநீறு பூசிவிட்டு முடிக்கிறதுக்குள்ள இலவசம் முடிஞ்சிருக்கும்.

இந்தக் கட்டணத்தை யார் கட்டுப்படுத்துறாங்கன்னு தேடிப் பார்த்தேன். சுவாரஸ்யமே அங்கதான் இருக்கு. விமான நிலையக் கட்டணங்களுக்குன்னு ஏரா (விமான நிலையங்களுக்கான பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம்) இருக்கு. 2008-ல வந்த சட்டம். அந்தச் சட்டத்துல பார்க்கிங்ங்கிற வார்த்தையும் இருக்கு. ஆனா அது விமானத்தை நிறுத்துற பார்க்கிங்! நம்ம கார், வேன் பார்க்கிங் அதுல வராது. இது போக, வருஷத்துக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல வர்ற ஏர்போர்ட்டைத்தான் பொதுவா ஏரா கவனிக்கும். மதுரை அந்த அளவைத் தொடல. அதனால நம்ம டிக்கெட்ல வர்ற விமான நிலையக் கட்டணத்தை மத்திய அரசுதான் முடிவு பண்ணும். பார்க்கிங் கட்டணமோ இந்த ஒழுங்குமுறைக்கு வெளியவே நிக்குது. அதைப் பெரும்பாலும் டெண்டர் விட்டு ஒப்பந்ததாரர் கையில கொடுத்துடுவாங்க. அதிகத் தொகைக்கு டெண்டர் எடுத்தவர் அந்தக் காசை எங்க எடுப்பார்? பூத்துலதான்.

ஏர்போர்ட் நடத்துறவங்களுக்கு இந்த வருமானம் ஏன் இவ்வளவு பிடிக்குது? 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, கடை வாடகை, விளம்பரம், பார்க்கிங் மாதிரி வருமானத்துல 30 சதவீதத்தைத்தான் பயணிகள் கட்டணத்தைக் குறைக்கிற கணக்குல சேர்க்கணும். மிச்சம் 70 சதவீதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்ல. விமான நிலையக் கட்டணத்தை ஏத்தணும்னா ஒழுங்குமுறை ஆணையத்துல கணக்குக் காட்டணும். பார்க்கிங்கை ஏத்த போர்டை மாத்தினாப் போதும். அழுத்தம் எந்தப் பக்கம் போகும்னு நீங்களே சொல்லுங்க.

பெங்களூருல இது வெளிப்படையா நடந்துச்சு. 2024 மே மாசம் கெம்பேகவுடா ஏர்போர்ட்டுல பயணிகளை ஏத்த வர்ற வண்டிகளுக்கு லேன் கட்டணம் கொண்டு வந்தாங்க. மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் 7 நிமிஷத்துக்கே 150 ரூபாய். டிரைவர்கள் கொந்தளிச்சதும் சில நாள்லயே பின்வாங்கிட்டாங்க.

லண்டன்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்களைக் கேட்டா இன்னொரு கதை சொல்வாங்க. ஹீத்ரோவுல 2021 நவம்பர்லேர்ந்து டெர்மினல் வாசல்ல இறக்கிவிட 5 பவுண்டு. 2025 ஜனவரியில 6 பவுண்டு ஆச்சு. அங்க பூத்தே கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சிடும். அடுத்த நாள் நள்ளிரவுக்குள்ள நீங்களா நினைவு வச்சு ஆன்லைன்ல கட்டணும். மறந்தா அபராத நோட்டீஸ் வீட்டுக்கு வரும். காரை விட்டுட்டு ரயில்ல வாங்கங்கிறது அவங்க வாதம். அந்த ஊர்ல ட்யூப் ரயில் டெர்மினலுக்குள்ளயே வருது, கொஞ்சம் தள்ளி இலவசமா இறக்கிவிடவும் இடம் இருக்கு. நமக்கு? மதுரை மெட்ரோவுக்குப் போட்ட திட்டமே திருமங்கலத்துலேர்ந்து ஒத்தக்கடைக்கு. அதுல ஏர்போர்ட் இல்ல. 20 கிலோ பெட்டியோட பஸ்ஸோ ஆட்டோவோ தேடணும். மாற்று வழி கொடுக்காம கட்டணம் மட்டும் போட்டா, அது நெரிசலைக் குறைக்கிறதுக்கான கட்டணம் இல்ல.

சரி, வாசலைத் தாண்டி டிக்கெட்டுக்குள்ள போவோம். உங்க டிக்கெட் மெயில்ல 'ஃபேர் பிரேக்அப்'னு ஒரு இடம் இருக்கும். ஒரு தடவை அதை வரி வரியாப் படிங்க. பாதுகாப்புக் கட்டணம் இருக்கும். 2021 ஏப்ரல்லேர்ந்து உள்நாட்டுப் பயணத்துக்கு அதை 200 ரூபாய் ஆக்கினாங்க, வெளிநாட்டுக்கு 12 டாலர். யுடிஎஃப்னு ஒண்ணு இருக்கும், அது பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், ஊருக்கு ஊர் மாறும். ஆர்சிஎஸ்னு ஒரு சின்ன தொகை வரலாம். சேலம் மாதிரி சின்ன ஊர்களுக்கு உடான் திட்டத்துல ஃப்ளைட் விட, மத்த ஃப்ளைட்டுகள்கிட்ட வாங்குற பணம் அது. எகானமி வகுப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. இதெல்லாம் கட்டாயம். இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல.

சண்டை இருக்கிறது அடுத்த பகுதியில. சீட் தேர்வு, இன்ஷூரன்ஸ், சாப்பாடு, கன்வீனியன்ஸ் ஃபீ. நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன், அதனால இந்த ஸ்க்ரீன்களை எப்படி யோசிச்சு வரைவாங்கன்னு தெரியும். பேரு, வயசு, போன் நம்பர்னு எல்லாத்தையும் நீங்க டைப் பண்ணி முடிச்ச அப்புறம்தான் கடைசி ஸ்க்ரீன்ல கூடுதல் தொகை வரும். அவ்வளவு தூரம் வந்தவர் 300 ரூபாய்க்காகத் திரும்பிப் போக மாட்டார்னு தெரிஞ்சே அந்த வரிசை. இதுக்குப் பேரு டிரிப் பிரைசிங். சொட்டுச் சொட்டா விலையைக் காட்டுறது. 2023 நவம்பர் 30-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்ல 13 தந்திரங்களைத் தடை பண்ணிருக்காங்க. டிரிப் பிரைசிங் அதுல ஒண்ணு. உங்களைக் கேட்காமலே இன்ஷூரன்ஸை டிக் பண்ணி வைக்கிறதும் அதுல இருக்கு. "வேண்டாம், நான் ரிஸ்க் எடுக்கிறேன்"னு எழுதி உங்களைக் குற்ற உணர்ச்சியில தள்ளுறதும் இருக்கு. அப்படி ஏதாவது பார்த்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1915-க்குப் போன் போடுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

இப்ப கையில காசா மாறுற விஷயம், கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

ஒண்ணு. செக்-இன் கவுண்டர்ல போர்டிங் பாஸ் அடிச்சுக் கொடுக்கத் தனியாக் காசு வாங்கக் கூடாதுன்னு 2022 ஜூலையில விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லியாச்சு.

ரெண்டு. 12 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு, அதே பிஎன்ஆர்ல பயணம் பண்ற அப்பா அம்மாவுல ஒருத்தர் பக்கத்துலயாவது சீட் கொடுக்கணும்னு 2024 ஏப்ரல்ல டிஜிசிஏ உத்தரவு போட்டிருக்கு. பிள்ளை தனியா உட்கார்ந்துடுமோன்னு பயந்து சீட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

மூணு. எனக்குத் தெரிஞ்சு நிறைய பேர் கவனிக்காதது இதுதான். டிக்கெட்டை கேன்சல் பண்ணினாலோ, போக முடியாமப் போனாலோ, ஆஃபர் டிக்கெட், நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டா இருந்தாக்கூட, அரசு வரிகளையும் யுடிஎஃப் மாதிரி விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பிக் கொடுக்கணும். 2016-லேர்ந்து டிஜிசிஏ விதி இது. நான்-ரீஃபண்டபிள்னா அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான் அந்தப் பேரு. நீங்க ஏர்போர்ட்டுக்கே போகல, உங்க பையை யாரும் ஸ்கேன் பண்ணல, அப்புறம் பாதுகாப்புக் கட்டணம் எதுக்கு? நாலு பேர் குடும்பம்னா பாதுகாப்புக் கட்டணம் மட்டுமே 800 ரூபாய். யுடிஎஃப் அதுக்கு மேல. ஏஜென்ட் மூலமா போட்டிருந்தாலும் பணம் திரும்பி வர்றதுக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான். அவங்க இழுத்தடிச்சா ஏர்சேவா தளத்துல புகார் போடலாம்.

பேசினா மாறுமான்னு கேட்டா, மாறும். 2018-ல ப. சிதம்பரம் சென்னை ஏர்போர்ட்டுல டீ 135 ரூபாய், காபி 180 ரூபாய்னு ட்விட்டர்ல போட்டார். முன்னாள் நிதியமைச்சரே வேண்டாம்னு வந்துட்டாரேன்னு நாடே சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் பார்லிமென்ட் வரைக்கும் இந்தப் பேச்சு போச்சு. 2024 டிசம்பர்ல கொல்கத்தாவுலயும், 2025 பிப்ரவரியில சென்னையிலயும் உடான் யாத்ரி கஃபே திறந்தாங்க. டீ 10 ரூபாய், தண்ணி பாட்டில் 10 ரூபாய். அதே ஏர்போர்ட், அதே டீ.

அப்ப இறக்கிவிடுற கட்டணத்துக்கு நாம என்ன கேட்கலாம்? கட்டணமே வேண்டாம்னு நான் சொல்லல. வாசல்லயே நாள் முழுக்க வண்டியைப் போட்டா, அடுத்து வர்றவர் ஃப்ளைட்டை விட்டுடுவார். ஆனா இலவச நிமிஷம் எவ்வளவு, அதுக்கப்புறம் எவ்வளவுன்னு கேட்டுக்கு முன்னாடியே, பூத்துல இல்ல, தமிழ்ல பெரிய போர்டு வைக்கலாம். வெளியே போற வரிசையில நிக்கிற நேரத்தைக் கழிக்கலாம். குடும்பமா வர்ற வேனுக்குன்னு கொஞ்சம் தள்ளி ஒரு இடம் ஒதுக்கலாம். பெரியார், மாட்டுத்தாவணி ரெண்டுலேர்ந்தும் ஃப்ளைட் நேரத்துக்குத் தக்கபடி டெர்மினல் வாசலுக்கே பஸ் விடலாம். 2021-ல மத்திய அரசு வெளியிட்ட பணமாக்கல் பட்டியல்ல இருந்த 25 ஏர்போர்ட்டுகள்ல மதுரையும் ஒண்ணு. தனியார் கைக்குப் போற நாள் வந்தா, இதையெல்லாம் ஒப்பந்தத்துல எழுத வைக்கணும். ஒப்பந்தம் போட்ட பிறகு போராடினா என்ன ஆகும்னு கப்பலூர்ல பார்த்துட்டோம்.

இங்கிலீஷ்ல இருக்கிற ஃபேர் பிரேக்அப்பை நீங்களும் நானும் படிச்சிடுவோம். பத்து நிமிஷம் போன்ல சண்டை போடவும் தெரியும். துபாய் போறவரோட அம்மாவுக்கு அது முடியாது. பூத்துல கேட்டதைக் கொடுத்துட்டு, அவசரமாக் கையசைச்சுட்டுப் போயிடுவாங்க. இதுல ரொம்ப ஏமாறுறது அவங்கதான்.

அதனால உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல யாருக்காவது கேன்சல் ஆன டிக்கெட் இருந்தா, இன்னைக்கே அந்த மெயிலைத் தோண்டி எடுத்து, வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வந்துச்சான்னு பாருங்க. வரலைன்னா நீங்களே அவங்களுக்காக எழுதிப் போடுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் அனுப்புங்க. ஆனா பேரையும் பிஎன்ஆரையும் மறைச்சிட்டு அனுப்புங்க, அதை வச்சே உங்க டிக்கெட்டுக்குள்ள புகுந்துடலாம்.