மூன்று வேளையும் யோகமே

திருச்சிற்றம்பலம்.



தக்கன் சாபத்தால் நாள்தோறும் தேய்ந்த சந்திரன் தஞ்சமென்று வந்தபோது, அவனைத் தன் சடைமுடியில் சூடிக் காத்தருளினான் எம்பெருமான். அத்திருப்பெயர் தாங்கியே இவ்வோசூர் மலைமேல் மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரராக எழுந்தருளியிருக்கிறான். தேய்ந்தவனைக் காத்தவன் திருமுன்னர், தேய்கின்ற நம் உடம்பைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் முறைவைத்து இரவும் பகலும் உழைக்கும் ஊராயிற்று ஓசூர். அவ்வுழைப்பாளருள் ஓர் இளைஞர் என்னை வினவினார்: "ஐயா, விடியற்காலையில் யோகம் பயிலுங்கள் என்கிறீர்கள். நான் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புவதே அந்நேரத்தில்தான். எனக்கு அந்த யோகம் இல்லையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆயினும் அவர் கண்களில் பல நாள் உறக்கமின்மை தெரிந்தது.

அன்பர்களே, இதற்கு விடை திருமூலரிடம் இருக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது. அங்கே அவர், காலையில் பயின்றால் பித்தமும், நண்பகலில் பயின்றால் வாதமும், அந்தியில் பயின்றால் ஐயும் அகலும் என்று மூன்று வேளைக்கும் பயன் கூறுகின்றார். வைகறைக்கு மட்டுமே யோகத்தை உரிமையாக்கினாரல்லர். ஆதலின் இரவெல்லாம் உழைத்தவர் முதலில் நன்றாக உறங்குக. எழுந்து, உண்பதற்கு முன் சிறிது நேரம் ஆசனமும், மெல்லிய மூச்சுப் பயிற்சியும், இறைவன் நினைவும் கொள்க. உறக்கத்தைக் களவாடிச் செய்யும் யோகம் உடலுக்கு இழைக்கும் தீங்கேயாம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. எட்டு உறுப்புகளுள் ஆசனம் மூன்றாவது, முதலாவது இயமம். கொலை, பொய், களவு தவிர்த்தலும், பகுத்துண்டு வாழ்தலும், கள்ளை விலக்கலும் அதனுள் அடங்கும். சம்பள நாளன்று மதுக்கடைக்குச் சென்றுவிட்டு மறுநாள் பதுமாசனம் இடுவதால் வரும் பயன் யாது?

யோகம் மருந்துக்குப் பகையன்று. குருதி அழுத்தமும் இதய நோயும் உடையோர் மருத்துவரைக் கேட்டு, தக்க ஆசிரியரிடம் பயிலுதல் வேண்டும். மூச்சை வலிந்து அடக்குதல் கூடாது. உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

உடம்பை இழிவென்று முன்பு எண்ணியிருந்த திருமூலரே, அதனுள் இறைவன் கோயில் கொண்டதைக் கண்டபின் அதனைப் பேணினார். மலைக்கோயிலுக்குப் படியேறி வரும் நாம், கூடவே ஏறி வரும் இக்கோயிலை இடியவிடலாமோ?

தேய்ந்த பிறையை வளரச் செய்த பெருமான், இவ்வூர் உழைப்பாளர் அனைவர்க்கும் நல்லுடலும் நல்லுறக்கமும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.