பரிசைக் கட்ட ஒரு ரவிக்கைத் துணி

(போர்ட் பிளேரில் உறுப்பினர்களின் நவராத்திரி சந்திப்பில் ஒரு மாமி பேசியது)

 

"பரிசுப் பொருளை அழகாக பேக் பண்ணுவது பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ மாமி" என்று காரியதரிசி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் நான் பட்ட அவமானம் அவருக்குத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் நாத்தனார் பெண் கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பினோம். வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்றை ஜிகினாத் தாளில் சுற்றி, மேலே பூ மாதிரி ஒரு பவளப்பாறைத் துண்டை ஒட்டினேன். கரையில் பொறுக்கியதுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பு. விமான நிலையச் சோதனையில் அகப்பட்டுக்கொண்டேன். பவளப்பாறை 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. கரை ஒதுங்கிய துண்டானாலும் எடுத்துப் போகக் கூடாது. அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என் கையாலேயே அதைப் பிய்த்துக் கொடுத்தேன்.

கிழிந்த தாளோடு கொடுக்க மனசில்லை. பெட்டியில் இருந்த புது ரவிக்கைத் துணியில் சிமிழை முடிந்து கொடுத்தேன். அந்தப் பெண் இன்றைக்கும் சொல்கிறாள்: "வந்த பேப்பரெல்லாம் மறுநாளே குப்பைக்குப் போச்சு மாமி. உங்க துணியை மட்டும்தான் தச்சுப் போட்டுண்டேன்."

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. மேலே சுற்றுவதும் பரிசாகவே இருக்க வேண்டும். தீவில் இருக்கிற நமக்கு இது ரொம்பப் பொருந்தும். இங்கே வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நவராத்திரி சமயத்தில் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஜிகினாத் தாள் சுருண்டுகொள்ளும், டேப் விட்டுப்போகும். பிளாஸ்டிக் தாளோ, மழைத் தண்ணீரோடு ஓடைக்குப் போனால் அடுத்தது கடல்தான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவற்றில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் உண்டு. அலங்காரத் தெர்மோகோலும் உண்டு. கொலு வைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் கட்டுவதை ஜப்பானில் 'ஃபுரோஷிகி' என்கிறார்கள். 2006-ல் அங்கே சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பையைக் குறைக்க இந்தப் பழைய பழக்கத்தை மறுபடி எடுத்துச் சொன்னார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியரிடம் இந்தத் தீவு பட்ட பாடு நமக்குத் தெரியும். இருந்தாலும் நல்ல பழக்கம் யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். நம் பாட்டிமார் கட்டிய மூட்டையும் இதுதானே!

இப்போது செய்து காட்டுகிறேன். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியை வெட்டாமல், ஓரத்தை மடித்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, பெட்டியை நடுவில் வையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பெட்டியின் மேல் மடித்துச் செருகுங்கள். மற்ற இரண்டையும் இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளைப் பூவிதழ் மாதிரி விரித்து விடுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் துணி, பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். இந்தத் துணிக்கு 35 சென்டிமீட்டர் பெட்டி வரை தாராளமாகக் கட்டலாம். குண்டூசி வேண்டாம், துணியில் ஓட்டை விழும், குழந்தைகள் கையிலும் குத்தும்.

முடிச்சில் ஒரு மஞ்சள் கொத்தோ, வாழை நாரில் கட்டிய மாவிலையோ செருகினால் போதும். வெற்றிலை, பூ வைப்பதானால் வாழையிலைத் துண்டில் சுற்றி வையுங்கள். ஈரம் பட்டால் சாயம் ஒட்டும். சின்னப் பரிசுகளுக்குப் பழைய மாதக் காலண்டர் தாள் இருக்கிறது. அதன் வெள்ளைப் பக்கத்தில் குழந்தைகளைக் கோலம் போடச் சொல்லுங்கள். தட்டு வேண்டுமானால் பாக்கு மட்டை இருக்கவே இருக்கிறது. இங்கே பாக்குத் தோப்புக்கா பஞ்சம்?

சங்கும் பவளமும் கரையிலேயே இருக்கட்டும். அவை கடலுக்கு அம்பாள் செய்த அலங்காரம். நான் அதில் கை வைத்தேன், பட்டேன், நீங்கள் படவேண்டாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். இந்த நவராத்திரிக்கு வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், தூக்கிப் போட ஒன்றும் மிஞ்சக் கூடாது. அப்படிக் கொடுத்துப் பாருங்கள்.

எல்லோரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போங்கள். இன்றைக்கு எல்லாம் துணியில்தான் கட்டியிருக்கிறேன்.